பம்பைத் திருப்பும் முன் பார்க்க வேண்டியவை

லாரிப் பட்டறைகளில் அதிகம் பழி சுமப்பது டைமிங்தான், அதாவது பம்ப் சிலிண்டருக்கு டீசல் அனுப்பத் தொடங்கும் நேரம். வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றாலும், காலையில் வெள்ளைப் புகை கக்கினாலும், மைலேஜ் குறைந்தாலும், ‘டைமிங் போயிருக்கும், பம்பைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணி வையுங்க’ என்று ஓட்டுநரே வைத்தியம் சொல்லிவிடுகிறார். வேலூரை ஒட்டிப் பெங்களூர் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது அன்றாடம் காதில் விழும் பேச்சு. ஆரணியிலிருந்து அரிசியும் ராணிப்பேட்டையிலிருந்து தோலும் ஏற்றிக்கொண்டு கர்நாடகம் போகும் பழைய ஆறு சிலிண்டர் வண்டிகளே என்னிடம் மிகுதியாக வருகின்றன. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்திலும், பெங்களூர் 900 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், வாணியம்பாடியைக் கடந்த பிறகு இந்தச் சாலை எஞ்சினின் சிறு குறையையும் வெளியே கொண்டுவந்துவிடும்.

பம்ப் டைமிங் தானாக நகர்வதில்லை என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன். ஏதாவது தேய்ந்திருக்க வேண்டும், நழுவியிருக்க வேண்டும், அல்லது யாராவது தவறாகப் பூட்டியிருக்க வேண்டும். எத்தனை டிகிரி விலகியிருக்கிறது, அட்வான்ஸ் (முன்னதாக) பக்கமா ரிட்டார்ட் (தாமதமாக) பக்கமா என்ற இரண்டையும் அளந்துவிட்டால், காரணம் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த அளவிலேயே புலப்பட்டுவிடும். அளக்காமல் பம்பின் நட்டில் ஸ்பேனர் வைப்பது எனக்கு உடன்பாடில்லாத வேலை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்று ஐந்நூறு டிகிரி செல்சியசையும் தாண்டிச் சூடேற, அதில் நாசில் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆனால் பீய்ச்சிய கணத்திலேயே அது பற்றுவதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பிடிக்கச் சிறிது நேரம் வேண்டும். அதை ஒரு மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 600 ஆர்.பி.எம். ஐடிலில் அந்த நேரத்துக்குள் கிராங்க் 3.6 டிகிரி சுற்றுகிறது, 2000 ஆர்.பி.எம்.மில் 12 டிகிரி சுற்றிவிடுகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடும் டி.டி.சி.க்கு முன்பே டீசலை அனுப்பத் தொடங்குவதும், வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக அனுப்புவதற்காக வெயிட்டுகளும் ஸ்பிரிங்குகளும் கொண்ட டைமர் ஒன்று பம்பின் முன்புறம் பொருத்தப்பட்டிருப்பதும் இதனால்தான். பழைய எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 25 டிகிரிக்குள் ஓர் எண்ணைத் தயாரிப்பாளர் விதித்திருப்பார். எஞ்சின் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும் அந்த எண்ணைத் தவிர வேறு எதையும், அனுபவசாலியான மேஸ்திரியின் நினைவையும் சேர்த்தே சொல்கிறேன், நான் நம்புவதில்லை.

டீசல் அளவுக்கு மீறி முன்னதாகப் போனால், பற்றுவதற்குள் நிறையச் சேர்ந்துவிட்டு ஒரே வீச்சில் எரிகிறது. பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போவதால், எஞ்சின் சுத்தியலால் தட்டுவதுபோல் கடகடவென்று ஒலிக்கும். ஸ்டார்ட் செய்யும்போது சில வேளை பின்னுக்கு உதைக்கும். ஆரம்பத்தில் வண்டி சுறுசுறுப்பாக ஓடுவதாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் போகும்போது அதை யாரும் டைமிங்கோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. தாமதமாகப் போனாலோ, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எரிதல் நடக்கிறது. வேலையாக மாற வேண்டிய வெப்பம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் தண்ணீர் வழியாகவும் வெளியேறுகிறது. குளிர்ந்த எஞ்சினில் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, பாரத்தில் கரும்புகை, இழுவைக் குறைவு, ஏறிக்கொண்டே போகும் ஹீட் மீட்டர் ஆகியவை இதன் அடையாளங்கள். மார்கழிக் காலையில் வரும் வெள்ளைப் புகை அக்னி நட்சத்திரத்தில் மறைந்துவிடுவதால் குறை தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இந்த அடையாளங்களில் ஒன்றுகூட டைமிங்குக்கு மட்டுமே உரியதல்ல என்பதால்தான் வரிசை மாறாமல் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒழுகும் நாசில் ஒன்று, அட்வான்ஸ் ஆன எஞ்சினின் தட்டலையும் ரிட்டார்ட் ஆன எஞ்சினின் வெள்ளைப் புகையையும் சேர்த்தே தரும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் வெள்ளைப் புகை விடும். அடைத்த ஏர் ஃபில்டர் கரும்புகை விடும். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், ஃபீட் பம்ப் தளர்ந்திருந்தாலும், ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலும், பைப் இணைப்பில் காற்று இழுத்தாலும் வண்டி ஏற்றத்தில் இழுக்காது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு ஹை பிரஷர் பைப்பின் நட்டையும் துணி சுற்றி மெல்லத் தளர்த்திப் பார்த்தால், வேலை செய்யும் சிலிண்டரைத் தளர்த்தும்போது ஓட்டம் குறையும். குறையவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்றால் அது பம்ப் டைமிங் அன்று, ஏனெனில் பம்ப் நகர்ந்தால் ஆறு சிலிண்டரும் சேர்ந்தே நகரும். இதைச் செய்யும்போது கசிவைக் கைவிரலால் தடவிப் பார்க்கவே கூடாது. நாசில் திறக்கும் அழுத்தமே பல வண்டிகளில் 200 பார் அளவில் இருப்பதால், மயிரிழைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆறு சிலிண்டரும் ஒன்றுபோல் மந்தமாக இருந்தால்தான் டைமிங்கை அளப்பதற்கு முறை வருகிறது.

சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் தள்ளும் எலிமென்ட்டுகள் வரிசையாக அமைந்த லைன் பம்பில், எங்கள் பக்கத்தில் மைகோ பம்ப் என்றே இன்றும் சொல்லப்படுவதில், நான் செய்வது டீசல் வழிவது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் பழைய ஸ்பில் முறைதான். முதலில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃப்ளைவீலின் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை வரும். அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்தால், ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு டேப்பெட்டும் தளர்ந்திருந்து, ஆறாம் சிலிண்டரின் வால்வுகள் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் ஆடிக்கொண்டிருந்தால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. டாடா 697 போன்ற எஞ்சினின் 1-5-3-6-2-4 வரிசையானாலும், வேறு சில தயாரிப்புகளின் 1-4-2-6-3-5 வரிசையானாலும், ஒன்றுக்கு இணை ஆறுதான் என்பதால் இந்தச் சோதனை இரண்டுக்கும் பொருந்தும்.

பிறகு பம்பின் முதல் எலிமென்ட்டில் டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசல் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்பப் பூட்டி அதன் தலையில் வளைந்த மெல்லிய பைப் ஒன்றைப் பொருத்துகிறேன். ஸ்டாப் லீவர் இழுபட்டிருக்கக் கூடாது. இழுபட்டிருந்தால் டீசலைத் தள்ளும் பிளஞ்சரின் பள்ளம், டீசல் நுழையும் துளையான போர்ட்டுக்கு நேராக நின்று, டீசல் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும். சில பம்புகளில் ஸ்டார்ட்டிங்குக்காகப் பிளஞ்சரின் மேல் விளிம்பிலும் ஒரு வெட்டு இருக்கும். அத்தகைய பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக் ஸ்டார்ட்டிங் நிலையில் நின்றால் அளவு உள்ளதைவிடத் தாமதமாகக் காட்டும் என்பதால், ரேக் எங்கே நிற்க வேண்டும் என்று கையேட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கிளீனர் கைப் பம்பை அடிக்க, வளைந்த பைப்பின் வாயிலிருந்து டீசல் நூலாக ஓடும். இப்போது கிராங்கை, எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே, நிதானமாகச் சுற்ற வேண்டும். நூல் மெலியும், அறுந்து சொட்டாகும், சொட்டுகளுக்கிடையே இடைவெளி நீளும். சொட்டு விழுவதற்குச் சில விநாடிகள் எடுக்கும் இடத்தில் பிளஞ்சர் போர்ட்டை மூடிவிட்டது என்று பொருள். அதுதான் டீசல் அனுப்பத் தொடங்கும் இடம். அங்கே நிறுத்திவிட்டு ஃப்ளைவீல் குறியைப் படிக்க வேண்டும். ஒரு மயிரிழை தாண்டிவிட்டாலும் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்துவது கூடாது. கால் சுற்று பின்னால் போய்த் திரும்பவும் ஓடும் திசையிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரங்களுக்கிடையே உள்ள தளர்வு அளவோடு சேர்ந்துவிடும். முன்பக்க டாம்பர் புல்லியில் இருக்கும் குறியை நான் ஒப்புக்கு மட்டுமே பார்க்கிறேன், ஏனென்றால் ரப்பர் விட்டுப்போன புல்லியில் வெளி வளையம் தனியே நழுவியிருக்கும். ஃப்ளைவீல் குறியிலும் ஐயம் வந்தால், டயல் கேஜ் வைத்து டி.டி.சி.யைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்வதே முறை.

அளவு கிடைத்த பிறகுதான் யோசனைக்கு வேலை வருகிறது. பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே பம்பில் ஒரு டிகிரி என்பது கிராங்கில் இரண்டு டிகிரி. பம்பின் பல்சக்கரத்தில் 60 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தள்ளிப் பூட்டினால் பம்பில் 6 டிகிரியும் கிராங்கில் 12 டிகிரியும் விலகும். எனவே விலகல் பத்துக்கு மேல் என்றால் டைமிங் கேஸைத் திறந்து பல்சக்கரக் குறிகளைப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி என்றால் அது பல் தவறியதன்று, கப்ளிங், கீ, டைமர், பம்பின் கேம், டேப்பெட் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. இதைவிடப் பயனுள்ள இன்னொரு குறிப்பும் உண்டு. சுழற்றும் பாகம் முன்னே போக, சுழற்றப்படும் பாகம் பின்தங்குவதுதான் தேய்மானத்தின் இயல்பு. பல்சக்கரம், கீ, கேம், போர்ட்டின் விளிம்பு என்று எது தேய்ந்தாலும் ஸ்பில் அளவு ரிட்டார்ட் பக்கமே போகும். அளவு அட்வான்ஸ் பக்கம் இருந்தால், அது பெரும்பாலும் யாரோ கை வைத்ததன் அடையாளம்.

அண்மையில் வந்த ஒரு 697 எஞ்சின் வண்டியைச் சொன்னால் இது தெளிவாகும். வேறொரு பட்டறையில் பம்பைக் கழற்றிக் கேலிபரேஷன் செய்து பூட்டியிருந்தார்கள். “அண்ணே, பம்ப் வேலை செஞ்சு வந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழுவை போயிடுச்சு, மறுபடி போய்க் காட்டினா பம்பைத் திருப்பி வெச்சுக் கொடுத்தாங்க, ரெண்டு லோடு நல்லாப் போச்சு, இப்ப நாட்றம்பள்ளி தாண்டினாலே செகண்ட் கியர்தான்” என்றார் ஓட்டுநர். அவர் சொன்னதில் எனக்கு வேண்டியது ‘கொஞ்சம் கொஞ்சமா’ என்ற பகுதிதான். பல் தவறிப் பூட்டிய வண்டி முதல் நாளிலிருந்தே ஓடாது.

பம்ப் ஃபிளேஞ்சைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, நீள்துளைகளில் ஸ்டட்டுகள் அட்வான்ஸ் பக்கத்தின் கடைசி எல்லையில் முட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு நட்டுக்கும் பக்கத்தில், எண்ணெய்க் கறை படியாமல், பழைய வாஷர் உட்கார்ந்திருந்த பிறை வடிவத் தடம் பளிச்சென்று இருந்தது. ஃபிளேஞ்சிலும் கேஸிலும் தொழிற்சாலையில் இட்ட கோடுகள் ஒன்றையொன்று விட்டு வெகுவாக விலகியிருந்தன. அதாவது, பம்ப் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அட்வான்ஸ் செய்யப்பட்டிருக்கிறது. அப்படியும் ஸ்பில் அளந்தபோது குறித்த எண்ணுக்கு நான்கு டிகிரிக்கும் மேல் தாமதமாகவே வந்தது. இன்னும் திருப்பத் துளையில் இடமில்லை என்பதால்தான் வண்டி என்னிடம் வந்ததோ என்னவோ.

கேஸின் முன்மூடியைத் திறந்து, கிராங்கை அசையாமல் நிறுத்திவிட்டு, பம்பின் டேப்பர் (கூம்பு வடிவ) தண்டில் உட்கார்ந்திருக்கும் ஹப்பைக் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆடியது. நட் விரலுக்கே அசைந்தது. ஹப்பை புல்லர் போட்டு இழுத்தபோது, அரைவட்ட உட்ரஃப் கீ நடுவே ஒரு படிக்கட்டு விழுந்து வெளியே வந்தது. கீழ்ப்பாதி தண்டோடும் மேல்பாதி ஹப்போடும் தனித்தனியே நகர்ந்திருந்தன. இந்த வகைப் பொருத்தத்தில் விசையைக் கடத்துவது டேப்பரின் இறுக்கம். கீ இருப்பது சரியான நிலையில் உட்கார வைப்பதற்கு மட்டும். நட்டை உரிய டார்க்கில் இறுக்காவிட்டாலோ, டேப்பரில் எண்ணெயோடு பூட்டினாலோ, முழுச் சுமையும் அந்தச் சிறு கீயின்மேல் விழுந்து அது சிறிது சிறிதாக அறுபடும். முழுவதும் அறுந்திருந்தால் எஞ்சின் நின்றிருக்கும், காரணமும் உடனே தெரிந்திருக்கும். பாதி அறுந்ததால் இழுவை மட்டும் போனது.

டேப்பரையும் ஹப்பையும் மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் போட்டுச் சேர்த்துத் தேய்த்து, மை தடவித் தொடுமுகம் முழுவதும் படிகிறதா என்று பார்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, புதுக் கீ வைத்து, டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்கினோம். பம்பைத் தொழிற்சாலைக் கோட்டுக்கே திருப்பி வைத்து ஸ்பில் எடுத்தபோது எண் சரியாக விழுந்தது. பம்பைத் திருப்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை.

திருப்பத்தான் வேண்டும் என்ற நிலையில், பம்ப் தண்டு சுழலும் திசைக்கு எதிராகப் பம்பின் உடலைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். எஞ்சின் பக்கம், சேஸிஸ் பக்கம் என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டால் வேறு வண்டி வரும்போது குழம்பும். டெலிவரி வால்வு ஹோல்டரைத் திரும்பப் பூட்டும்போது பலம் காட்டக் கூடாது. அளவுக்கு மீறி இறுக்கினால் பேரல் நெளிந்து ரேக் பிடித்துக்கொள்ளும். பிடித்த ரேக்கோடு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ரேக் முன்னும் பின்னும் தடையின்றி வழுக்குகிறதா என்று கையால் உணர்ந்த பிறகே சாவியைத் திருப்புவது என் பட்டறையின் சட்டம்.

ஸ்பில் சரியாக இருந்தும் மேல் வேகத்தில் மட்டும் குறை இருந்தால் டைமரைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற எஞ்சினில் அதன் வெயிட்டுகள் விரிவதில்லை என்பதால் ஸ்பில் முறைக்கு அது தெரியாது. ஸ்பிரிங் சோர்ந்தால் குறைந்த வேகத்திலேயே அட்வான்ஸ் ஆகித் தட்டும்; வெயிட்டைத் தாங்கும் முளை (பின்) தேய்ந்து பிடித்துக்கொண்டால் வேகம் ஏறியும் அட்வான்ஸ் ஆகாமல் மந்தமாகும். முதல் பைப்பில் கவ்வும் சென்சாரும் ஸ்ட்ரோப் லைட்டும் வைத்து ஓடும் எஞ்சினில்தான் அதைப் பார்க்க முடியும். ஆறு எலிமென்ட்டும் பம்பின் கணக்கில் சரியாக 60 டிகிரி இடைவெளியில், அரை டிகிரிக்கு மேல் பிசகாமல், டீசல் அனுப்புகின்றனவா என்பதோ டெஸ்ட் பெஞ்சில் மட்டுமே தெரியும்.

ஹை பிரஷர் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பில் எழும் அழுத்த அலை டீசலுக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் வேகத்தில்தான் நாசிலுக்குப் போகிறது. 60 சென்டிமீட்டர் பைப்பைக் கடக்கவே அரை மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது, 2000 ஆர்.பி.எம்.மில் அது ஐந்து டிகிரிக்கும் மேல். பம்புக்கு அருகிலிருக்கும் சிலிண்டரின் பைப்பையும் தேவையில்லாத வளைவுகளோடு தூரத்துச் சிலிண்டரின் நீளத்துக்கே செய்திருப்பதன் காரணம் இதுதான். உடைந்த பைப்புக்குப் பதிலாக நேராக, குட்டையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு வரும் வண்டிகளில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகத் தட்டும். பழைய சாமான் கடைகளில் பைப் வாங்குகிறவர்கள் கையோடு ஒரு நூலையும் எடுத்துப் போனால் நீளத்தை அளந்துகொள்ளலாம்.

2017 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ். 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகளும் வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலும், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரெயில்தான். அவற்றில் பம்ப் அழுத்தத்தை மட்டும் உண்டாக்குகிறது; எந்தக் கணத்தில் பீய்ச்ச வேண்டும் என்பதை, கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் தரும் தகவலை வைத்து எஞ்சினின் கணினியான ஈ.சி.எம். முடிவு செய்கிறது. திருப்புவதற்கு நட் எதுவும் இல்லை. ஆனாலும் டைமிங் கோளாறு வருவது நிற்கவில்லை. டைமிங் கேஸைத் திறந்து மூடிய வண்டியில் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று கணினி பிழைக் குறியீடு (கோடு) காட்டுவது, சிறிய வண்டிகளில் பி 0016 என்று வருவது, பெரும்பாலும் பல் தவறியதைத்தான் சொல்கிறது. எதையும் திறக்காத வண்டியில் அதே கோடு வந்தால், சென்சாரின் இடைவெளியையும், ஒயரிங் பிராக்கெட்டில் உரசி உறை தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பேன். காந்தம் உள்ள சென்சாராக இருந்தால் அதன் நுனியில் இரும்புத் தூள் மீசைபோல் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தவுடன் கோடு போய்விடும், வண்டியும் போய்விடும். சில மாதங்களில் இரண்டும் திரும்பி வரும். அந்தத் தூள் எந்தப் பல்சக்கரத்திலிருந்து உதிர்ந்தது என்பதை ஆயில் ஃபில்டரை வெட்டியும் கேஸைத் திறந்தும் பார்த்துவிட்ட பிறகே நான் சென்சாரைத் திரும்பப் பூட்டுகிறேன்.